எல்லைக்கோடு பிரித்த ஆய் நாடு

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி முதலியோர் முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டமோ, பாறசாலையையும் உள்ளடக்கிக் கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையில் அன்று விழுந்த கோடு ஊர்களை மட்டுமன்றி, ஆய் மன்னர்கள் ஆண்ட பழைய நாட்டின் சின்னங்களையும் இரு கூறாக்கியது.

ஆய் நாட்டின் துறைமுகமான விழிஞமும் அதன் குடைவரைக் கோயிலும் அப்பக்கம். கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பார்த்திபசேகரபுரம் கோயிலும், சமணச் சிற்பங்கள் நிறைந்த சிதறால் மலையும் இப்பக்கம். பார்த்திபசேகரபுரத்தில் 95 மாணவர்கள் பயில்வதற்கெனக் காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலை நிறுவப்பட்டது. அச்செய்தியைக் கூறும் செப்பேட்டுக்கு அறிஞர்கள் வழங்கிய பெயர், திருவனந்தபுரத்தின் ஹஜூர் அலுவலகச் செப்பேடு! கோயில் ஒரு மாநிலத்தில், அதன் பெயர்ச்சீட்டு மற்றொரு மாநிலத்தில்.

பிற்காலத் திருவிதாங்கூரின் கதையும் இதுவே. மார்த்தாண்டவர்மர் பகைவரிடமிருந்து ஒளிந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் அவரிடம் தோற்று, பின்னர் அவருடைய படைத்தலைவராகவே உயர்ந்த டி லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் உள்ளது. அதில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதைச் சுற்றுலா வருவோரில் எத்தனை பேர் அறிவர்?

பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழக மண்ணில் தீவுபோல நின்று, கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அதை மீட்க வேண்டும் என்ற குரல் தமிழகத்தில் அவ்வப்போது எழுவதுண்டு. அக்குரலில் நியாயம் குறைவு. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கும் அரண்மனையைக் கேட்பவர்கள், தம் கைவசமுள்ள பார்த்திபசேகரபுரத்துக்காக ஒருநாளும் குரல் எழுப்பியதில்லை. கேரளமும் எல்லைக்கு அப்பாலுள்ள அரண்மனையில் காட்டும் உரிமையுணர்வை, தன் எல்லைக்குள் கிடைக்கும் வட்டெழுத்துத் தமிழ்ச் சாசனங்கள் மீதும் காட்டுதல் வேண்டும்.

இருபுறத்துச் சின்னங்களுக்கும் பொதுவான பட்டியலும், சாசனங்களின் கூட்டுப் பதிப்பும் தேவை. இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. கோடு கிழித்த அதே 1956ஆம் ஆண்டுச் சட்டம்தான், மத்திய உள்துறை அமைச்சரின் தலைமையில் தென்மண்டலக் குழுவையும் உருவாக்கியது. மாநிலச் சீரமைப்பால் எழும் எப்பொருளையும் விவாதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி சென்னையும் திருவனந்தபுரமும் ஒன்றாக எழுதினால் தில்லி மறுக்கக் காரணமில்லை.