மூன்றாவது சிலிண்டர்

வானொலியில் வேலை பார்ப்பவனுக்குக் காது கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும். மைக்கில் பேசுகிறவர் எந்த இடத்தில் மூச்சை விழுங்குகிறார் என்பதைக்கூடப் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டும் போன வருடம் கோட்டை விட்டேன். மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில், அப்பாவின் வோக்ஸ்வேகன் எஞ்சினில் எப்போதும் கேட்கும் 'டிக் டிக்' சத்தம் குறைந்துகொண்டே வந்தது. 'ஆகா, வண்டி எவ்வளவு அமைதியாக ஓடுகிறது' என்று நான் பூரித்துப்போனேன். பத்து நிமிடம் கழித்துப் பின்னால் 'மடார்' என்று ஒரு சத்தம். அவசரத் தடத்தில் வண்டியை ஒதுக்கினேன். பக்கத்து இருக்கையில் அப்பா, மடியில் கோயிலுக்கு வாங்கிய மாலை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோலகங்சார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தாத்தா பால்மரம் சீவியவர். அதே தோட்டத்தில் அப்பா கிராணி ஆனார். ஷா ஆலாமில் சாம்பியன் மோட்டார்ஸ் பொருத்தி விற்ற காலத்து 1972-ஆம் ஆண்டு 'ஆமை' வண்டி அது. மலாய்க்காரர்கள் 'கெரேத்தா கூரா' என்பார்களே, அதேதான். அப்பா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஆனால் எங்கள் லயத்து ஆட்கள் சொந்தமாக வைத்திருந்த முதல் கார் அதுதான். பிரசவத்துக்கும் போயிருக்கிறது, பிணத்துக்குப் பின்னாலும் போயிருக்கிறது. தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு அப்பா அந்த வண்டியில்தான் போவார்.

போன வருடம் குறும்பு செய்தது நான். மேட்டில் லாரிக்குப் பின்னால் முக்கிக்கொண்டு போவது எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்ததோ 1600 எஞ்சின், சரியாகச் சொன்னால் 1584 சிசி. சிலிண்டரின் உள் அகலம் 85.5 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 88 மில்லிமீட்டர் சிலிண்டரைச் சொருகினால் 1679 சிசி ஆகிவிடும், எஞ்சின் கூட்டைக் கடையவே வேண்டாம் என்றார்கள் ஒரு பட்டறையில். கணக்குப் பாருங்கள்: கூடுதலாகக் கிடைப்பது 95 சிசி. அதற்குக் கொடுக்கும் விலை, சிலிண்டர் சுவரில் சுற்றிலும் 1.25 மில்லிமீட்டர். சுவர் மெலிந்தால் சூட்டில் வட்டம் கெடும். தண்ணீர் ஓடாத, காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினில் அது சாதாரண விஷயம் இல்லை. நான் கணக்குப் பார்க்கவில்லை. கையோடு, எஞ்சினைச் சுற்றியிருந்த தகடுகள் சிலவற்றையும் 'சூடான ஊருக்கு இது எதற்கு' என்று கழற்றிப் போட்டோம். வண்டி பறந்தது. 'பழைய ரோட்டுலயே போவோம்யா' என்று அப்பா சொன்னதையும் கேட்காமல் நெடுஞ்சாலையில் ஏற்றினேன்.

உடைந்த எஞ்சினை ஈப்போ புந்தோங்கில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஐம்பது வருடமாக இந்த எஞ்சின்களைப் பிரித்துக் கோப்பவர். தலையைக் கழற்றியதும், கேட்காமலே, 'மூணாவது சிலிண்டரா?' என்றார். மூன்றாவதுதான். புகை வெளியேறும் வால்வின் தலை தண்டிலிருந்து முறிந்து, பிஸ்டனைக் குத்திக் கிழித்திருந்தது.

காரணத்தை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பழைய வகை எஞ்சினில் ஆயில் குளிர்விப்பான், விசிறிக் கூட்டுக்குள் மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கும். ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்ட காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குப் போகும். 1970-களின் தொடக்கத்தில் வோக்ஸ்வேகனே குளிர்விப்பானைத் தனிக் கூட்டில் பின்னால் தள்ளி வைத்து இதைச் சரிசெய்தது. எங்கள் எஞ்சினில் இருந்தது பழைய அமைப்பு. வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். அந்த இடைவெளிதான் 'டிக் டிக்' என்று கேட்பது. சூட்டில் வால்வு நீண்டால் இடைவெளி மறையும், சத்தம் அடங்கும். வால்வு தன் இருக்கையில் முழுசாக உட்காராது. உட்கார்ந்தால்தானே சூட்டைத் தலைக்குக் கடத்த முடியும்? கடத்த வழியில்லாமல் வெந்து முறியும்.

'சத்தம் போடுற வால்வு சாகாது தம்பி. சத்தம் நின்னா பயப்படணும்,' என்றார். ஒலிபரப்பாளனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

தகடுகளை எறிந்ததற்குத்தான் நிஜமாகத் திட்டினார். அவை எஞ்சினின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிரிக்கிற சுவர். அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும். அது இல்லாவிட்டால், புகைக்குழாய்ப் பக்கத்துச் சூடான காற்றை விசிறி மறுபடியும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் வண்டியில் அந்தப் பட்டை எப்போதோ இற்றுப்போயிருந்தது. ரப்பரிலேயே பிழைத்த குடும்பத்து வண்டியில் ரப்பர் இல்லை.

இரண்டாவது தடவை கட்டும்போது அவர் சொன்னதைத்தான் கேட்டேன். திரும்பவும் 85.5. 'ரொம்ப ஆசையா இருந்தா கூட்டைக் கடைஞ்சு 90.5 போடலாம், சுவர் தடிப்பா இருக்கும், 1776 சிசி வரும். ஆனா ஓட்டப்போறது யாரு? நீயா, அப்பாவா?' நான் பதில் சொல்லவில்லை. பிஸ்டன்களையும் கோல்களையும் எடை பார்த்துச் சமமாக்கினார். கூட்டின் மக்னீசிய உலோகத்திலிருந்து போல்ட் பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க, எஃகுப் புரியைத் திருகி வைத்தார். இந்த எஞ்சினில் முதலிலிருந்தே ஆயிலுக்கு ஒரு கம்பி வலைச் சல்லடை மட்டும்தான், ஃபில்டர் கிடையாது. அதனால் தனியாக ஒரு ஃபில்டரும், புதுவகைக் குளிர்விப்பானும் சேர்ந்தன. அமுக்க விகிதத்தை 7.5-க்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். குதிரைச் சக்தியில் பெரிதாக எதுவும் கூடவில்லை. செலவு மட்டும் முதல் தடவையைவிடக் கூடியது.

பெரியவருக்கு இப்போது ஃபீலர் கேஜில் எழுத்து தெரிவதில்லை. தகட்டை விரலால் தடவியே எது 0.15 என்று சொல்கிறார். நான் டார்ச் பிடித்தபடி சரிபார்த்தேன். தப்பவில்லை. கூட வேலை பழக ஒரு பையனும் இல்லை. சனிக்கிழமைகளில் நான் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன். அது வேலை பழகுவதாகாது என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அப்பாதான் ஓட்டினார். வயது 74. பழைய சாலையில் போவோம் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஈப்போ வடக்குச் சாவடிக்குள் வண்டியைத் திருப்பினார். மேட்டில் மூன்றாவது கியர், இடது தடம், முன்னால் சிமெண்டு லாரி. நான் மாட்டிக் கொடுத்த ரேடியோவில் என் நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கையை நீட்டி அதை அணைத்தார்.

'சத்தம் கேக்கணும்யா,' என்றார்.