பழுது இயந்திரத்திலா? கம்பெனி போட்ட பூட்டிலா?

“இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது.” பழைய கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸை ஏற்ற முயன்றால் இப்படி ஓர் அறிவிப்பு திரையில் வந்து நிற்கிறது. அறிவிப்பா இது? இல்லை, தோழர்களே, தீர்ப்பு! அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனி எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு. விசாரணை இல்லை, அப்பீல் இல்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்: “மிஷின் பழசு, புதுசு வாங்குங்க.”

நாம் கேட்கிறோம்: மிஷினில் என்ன பழுது?

கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ் அதில் ஒன்று. 2015 ஜூலையில் விண்டோஸ் 10-ஐ வெளியிட்ட இந்தக் கம்பெனி, 2025 அக்டோபர் 14-ஆம் தேதி அதைக் கைகழுவியது. வைரஸையும் திருட்டையும் தடுக்கும் வழக்கமான திருத்தங்களை அன்றோடு நிறுத்தியது. “விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள்” என்று உபதேசம் வேறு! மாறுவதற்கு நிபந்தனைகள் பல. 4 ஜி.பி. ராம் வேண்டுமாம், 64 ஜி.பி. இடம் வேண்டுமாம். அது இருக்கட்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டுமாம். பிராசசர் இன்டெல் கம்பெனியுடையதானால், 2017-ல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டுமாம்! சொற்ப விலக்குகள் தவிர, அதற்கு முந்தியது எவ்வளவு நன்றாக ஓடினாலும் செல்லாது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில்கள் சுற்றுகின்றன. நூல் ஒழுங்காக இறங்குகிறது. விற்றவன் வந்து, “இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு” என்றால் என்ன சொல்வோம்? கிராமத்திலே பம்ப்செட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டி மறுபடி ஓட்டுகிறோம். தண்ணீர் இறைக்கிற மோட்டாரைக் குப்பையில் போடு என்று எவனாவது சொன்னால் சிரிக்க மாட்டோமா?

“எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான்” என்கிறது கம்பெனி. டி.பி.எம். பாதுகாப்பைக் கூட்டுகிறது என்பது உண்மையே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கதையைக் கேளுங்கள். “ஓடாது” என்று ஒதுக்கிய அதே பழைய கம்ப்யூட்டருக்கு, 30 டாலர் கட்டினால் மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, திருத்தங்கள் தருவதாக அதே கம்பெனி அறிவித்தது! பணம் இல்லையா? அவர்களிடம் கணக்குத் திறந்து உன் கம்ப்யூட்டரின் அமைப்பு விவரங்களை அவர்கள் கிடங்கில் சேமித்து வை என்றது. நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. மூன்றாம் ஆண்டு 244 டாலர். ஆக, திருத்தம் தயாரிக்கிறார்கள். பழைய மிஷினும் அதை ஏற்றுக்கொள்கிறது. முடியாதது எது? இலவசமாகக் கொடுப்பது ஒன்றுதான் முடியாது!

அதுவும் முடியும் என்று ஐரோப்பா காட்டிவிட்டது. அங்கே நுகர்வோர் அமைப்புகள் திரண்டு எதிர்த்தன. 2025 செப்டம்பரில் கம்பெனி இறங்கி வந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி மக்களுக்கு மட்டும் அந்த ஓராண்டுத் திருத்தத்தைப் பணமின்றித் தர ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவின் பழைய மிஷின் வேறு, நம் பழைய மிஷின் வேறா? இல்லை. அங்கே கேட்க அமைப்பு இருந்தது. வித்தியாசம் அவ்வளவே.

லாபம் யாருக்கு? புதிய மிஷின் விற்கும் கம்பெனிகளுக்கும், புதிய விண்டோஸ் விற்கும் கம்பெனிக்கும்! நஷ்டம் யாருக்கு? இந்த மாற்றத்தால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்கிட்டது. அந்தக் குப்பையைப் பிரிப்பவர் யார்? தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் ஈயப் புகையிலும் ஆசிட் நெடியிலும் வெறும் கையால் போர்டுகளை உடைக்கும் ஏழைத் தொழிலாளிகள்தாம்!

நம் வீடுகளைப் பாருங்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. கூலித் தொழிலாளி வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் பலருக்கு அதுவே. அண்ணன் படித்ததைத் தங்கை வைத்திருக்கிறாள். அதைத் தூக்கி எறியச் சொல்வது, பல மாதக் கூலியைக் கம்பெனி கல்லாவில் கொட்டச் சொல்வதாகும்.

ஆகவே, உண்மைப் பழுது எது, செயற்கைப் பூட்டு எது என்று பிரித்தறியுங்கள். எதையும் தொடுமுன் உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் நகல் எடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி தவறினால், போர்டில் உள்ள காசு வடிவ பாட்டரி தீர்ந்திருக்கும். அதன் விலை அற்பம். ஏற்றும்போது பாதியில் நின்றால், முதலில் பென்டிரைவைச் சந்தேகியுங்கள். வேறொன்றில் புதிதாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழை வந்தால், கரண்டை நிறுத்தி, ராம் பட்டையைக் கழற்றித் துடைத்துப் பொருத்துங்கள். ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டினால் அது சாகக் கிடக்கிறது, மாற்றத்தான் வேண்டும். டி.பி.எம். இல்லை என்று வந்தால், பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், போய்ப் பாருங்கள். இவையெல்லாம் சரியாயிருந்தும் “ஓடாது” என்றால், அது பழுதல்ல, பூட்டு! குறுக்கு வழியில் பூட்டை உடைத்து ஏற்றுவோரும் உண்டு. அப்படி ஏற்றினால் திருத்தம் வருமென்று உத்தரவாதமில்லை எனக் கம்பெனியே சொல்லிவிட்டது.

நேர்வழி ஒன்று உண்டு. அதுவே லினக்ஸ். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் சுதந்திர மென்பொருள் முயற்சியை அறிவித்தார். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு வேண்டிய கருவை எழுதினார். உலகெங்கும் ஆயிரமாயிரம் பேர் உழைத்து வளர்த்த பொதுச் சொத்து அது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதில் லினக்ஸ் மின்ட் என்ற ரகம் 2 ஜி.பி. ராமிலும் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் நலம். ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். சில பிரிண்டர்களும், விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்களும் அதில் மக்கர் செய்யும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் சுதந்திர மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் நம் மாணவர்களின் இலவச மடிக்கணினிகளிலேயே வந்தது!

ஒரு சங்க ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. விற்ற பொருள் ஓடும் காலம் வரை பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். அரசு ஆபீஸ்களிலும் பள்ளிகளிலும் சுதந்திர மென்பொருள் வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022-ல் குழு அமைத்தது, இணையதளம் திறந்தது. இணையதளம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, சட்டமே கட்டுப்படுத்தும்!

காசு கொடுத்து வாங்கியது நாம். அது எப்போது சாக வேண்டும் என்று தீர்மானிக்க அவன் யார்? ஓடும் இயந்திரத்தைக் குப்பையில் எறியாதீர்கள், தோழர்களே! ஊர் தோறும், ஆலை தோறும் நம் இளைஞர்கள் இவ்வேலையைக் கற்றுப் பிறருக்கும் கற்பிக்கட்டும். ஐரோப்பாவில் பணியவைக்க முடிந்த கம்பெனியை இங்கேயும் பணியவைக்க முடியும். ஒன்றுபட்டுக் கேளுங்கள்!