குதிரைசக்தியைக் காதால் அளக்க முடியாது

மலேசியாவின் லாபுவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஓர் இளைஞன் சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கியதும் பலமுறை நடப்பது இதுதான்: கம்பெனி கொடுத்த எக்சோஸ்டைக் கழற்றிவிட்டு, தாமான் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அலறும் ஒன்றை மாட்டுகிறான். “சத்தம் வந்தாத்தான் பவர் வரும்” என்று ஒர்க்‌ஷாப் வாசலில் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கப்சாய் ஓட்டும் பிள்ளையிலிருந்து பல லட்சம் ரிங்கிட் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முதலாளி வரை இதை நம்புகிறார்கள். இது பொய். அதுவும் அடுத்தவர் காதையும் தூக்கத்தையும் காவு வாங்கும் பொய்.

முதலில் அந்த முதலாளியின் காரையே எடுத்துக்கொள்வோம். பிஎம்டபிள்யூவின் பழைய எம்5 காரில் பத்து சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 507 குதிரைசக்தி, காதைக் கிழிக்கும் உறுமல். 2011இல் வந்த அடுத்த எம்5இல் எட்டு சிலிண்டர்தான், இரண்டு டர்போ. சக்தி 560ஆக ஏறியது. சத்தமோ அடங்கிப்போனது, உள்ளே அமர்ந்தவருக்கு அது போதவில்லை. கம்பெனி என்ன செய்தது? பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் வழியாகவே எஞ்சின் சத்தத்தை உள்ளே ஒலிக்கவிட்டது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயில் கண்ணாடிக்குக் கீழே அதிர்வு தரும் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். டொயோட்டா 86இல் எஞ்சின் காற்றிழுக்கும் இடத்திலிருந்து காருக்குள் ஒரு குழாயே போகிறது. சத்தம் வேறு, சக்தி வேறு என்பதைக் கார் செய்பவர்களே தங்கள் கையால் நிரூபித்துவிட்டார்கள். ஒன்றைக் கூட்டாமல் மற்றதைக் கூட்ட முடிகிறது என்றால், ஒன்றை வைத்து மற்றதை எப்படி அளப்பது?

லாபுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், செப்பாங் பந்தயத் திடல். 1999 முதல் 2017 வரை அங்கே ஃபார்முலா 1 நடந்தது. 2014இல் விதி மாறி, 2.4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் போய், 1.6 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் மின்மோட்டாருடன் வந்தது. உலகம் முழுவதும் ரசிகர்கள் கொதித்தார்கள்: சத்தமே இல்லை, இதுவா பந்தயம்? அந்த ஆண்டு மே மாதம் மெர்சிடிஸ் அணி எக்சோஸ்ட் முனையில் ஊதுகுழல் போன்ற ஒன்றை மாட்டிச் சோதித்துக்கூடப் பார்த்தது. பலனில்லை என்று விட்டுவிட்டார்கள்.

செப்பாங்கின் கணக்கேடு சொல்வதைப் பாருங்கள். 2004இல், பத்து சிலிண்டர் கார்கள் வானத்தைப் பிளந்த காலத்தில், பந்தயத்தின்போது ஹுவான் பாப்லோ மோன்டோயா ஒரு சுற்றை 1 நிமிடம் 34.223 விநாடியில் முடித்தார். பதின்மூன்று ஆண்டுகள் அதை யாரும் உடைக்கவில்லை. 2017இல் உடைத்தவர் செபாஸ்டியன் வெட்டல், நேரம் 1:34.080. ‘சத்தமில்லாத’ காரில்! டயரும் காற்றழுத்த வடிவமைப்பும் அதில் பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனால் சத்தம் குறைந்ததால் வேகம் குறையவில்லை என்பதும் உண்மைதானே?

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் அதே செப்பாங்கில் ஜோர்டன் அணிக்காக ஓட்டினார். அவருடைய பத்து சிலிண்டர் எஞ்சினும் முன்னணிக் கார்களைப் போலவேதான் அலறியது. வென்றது ரெனோவின் அலோன்சோ. நரேன் 11ஆவது. அலறலில் எந்தக் காரும் பின்தங்கவில்லை. பின்தங்கியது வேறு விஷயங்களில்.

டர்போ எஞ்சின் ஏன் அமைதியாக இருக்கிறது? வீணாக வெளியேறும் புகையின் அழுத்தத்தை ஒரு சுழலி பிடித்து வேலை வாங்குகிறது. புகை களைத்துப்போய் வெளியே வருகிறது, சத்தமும் அடங்குகிறது. காதில் விழும் அலறல், எஞ்சின் பயன்படுத்தாமல் வெளியே எறிந்த மிச்சம்தான்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் என்பது பேச்சை மூழ்கடிக்கும் இரைச்சல். அதை எல்லாத் திசையிலும் பரப்பத் தேவைப்படும் ஒலிச்சக்தி ஏறத்தாழ ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. நம் பிள்ளைகள் விரும்பி ஓட்டும் யமாஹா ஒய்15இசட்ஆர் எஞ்சினின் உச்சசக்தியோ 11,300 வாட். தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்கை வைத்து மீதியை எடைபோடுவதைத்தான் ‘பவர்’ என்கிறார்கள்.

இந்த நம்பிக்கை வெறும் காற்றிலிருந்து வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யமாஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் எக்சோஸ்ட் குழாயின் வயிற்று வடிவமே சக்தியைத் தீர்மானித்தது. நல்ல பந்தயக் குழாய் மாட்டினால் வேகம் கூடியது, கூடவே சத்தமும் கூடியது. வேகம் தந்தது குழாயின் வடிவம்; பேர் வாங்கியது சத்தம். இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கம்ப்யூட்டர், கம்பெனிக் குழாய்க்கு ஏற்றபடிதான் பெட்ரோலை அளந்து விடுகிறது. அந்தக் கணக்கை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால், தொடக்க வேகத்தில் இழுவை குறையவும் கூடும்.

“சத்தம் கேட்டால்தான் கார்க்காரன் ஒதுங்குவான், உயிர் தப்பும்” என்பது இன்னொரு சாக்கு. எக்சோஸ்ட் பின்பக்கம் பார்த்திருக்கிறது. முன்னால் கண்ணாடியை மூடி ஏர்கோன் போட்டு ஓட்டுபவருக்கு வண்டி நெருங்கும் வரை அது சரியாகக் கேட்காது. முழுசாகக் கேட்பவர்கள் சாலையோர வீட்டுக்காரர்கள்.

அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள்? நீலாயிலும் செனவாங்கிலும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் கண்ணயரும் தாய். தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்த தாத்தா. கைக்குழந்தை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை போட்டிருக்கிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதி நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். தொழிற்சாலையில் காதடைப்பான் கொடுத்துக் காப்பாற்றிய காதை வீட்டு வாசலில் பறிகொடுப்பதா? வாகன இரைச்சலுக்கு எதிரான விதிமுறை 1987இலேயே வந்துவிட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை, வெட்கப்படத்தான் யாருமில்லை.

சத்தமே கூடாது என்பதல்ல வாதம். எஞ்சின் ஒலியை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்கின் காது மதிப்புக்குரியது. மெதுவாகப் போகும் மின்கார்கள் கேட்கும்படி ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பா 2019 முதல் கட்டாயமாக்கியதும் நியாயம். பார்வையற்றவருக்கும் குழந்தைக்கும் அது பாதுகாப்பு. அந்த ஒலி மற்றவர்களுக்காக. எக்சோஸ்ட் அலறல் ஓட்டுபவரின் பெருமைக்காக மட்டும்.

தம்பிகளே, கழற்றி வைத்த எக்சோஸ்டை இந்த வாரமே திரும்ப மாட்டுங்கள். வண்டியின் உண்மையான சக்தி தெரிய வேண்டுமானால் அளவுக்கருவியில் ஏற்றி எண்ணாகக் கேளுங்கள். வேகம் பார்க்க வேண்டுமானால் செப்பாங்குக்குப் போங்கள். பெற்றோர்களே, அலறும் குழாய்க்குக் காசு கொடுக்காதீர்கள். விற்கும் கடைக்காரர்களே, ‘பவர்’ என்று சொல்லி இரைச்சலை விற்பதை நிறுத்துங்கள்.