ஒரு நாள் உத்தமர்கள்

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அதற்கு முந்திய தினம் என்னென்ன நடக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள்தானே எல்லோரும்? ஒட்டடை அடிக்கப்படும். கால் ஆடுகிற நாற்காலி மாயமாய் மறையும். பல மாதங்களாகப் பீரோவில் உறங்கிக் கொண்டிருந்த பூகோளப் படம் சுவரில் ஏறும். வாய்ச் சாலகமுள்ள பையன்கள் முதல் வரிசைக்கு வருவார்கள். இன்ஸ்பெக்டர் திருப்தியுடன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மறு நாள் பூகோளப் படம் மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். இருபது வருஷ காலமாக உபாத்தியாயராக இருக்கும் நாம், இந்த நாடகத்தில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லிக் கொள்ள முடியாது.

மோட்டார் வண்டிகளுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. அதற்கு எப்.சி. என்று பெயர். வண்டி சாலையில் ஓடத் தகுதியுள்ளது என்று சர்க்கார் கொடுக்கும் சான்று அது. பரீட்சை செய்கிறவரின் உத்தியோகப் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஆனால் நம் ஜனங்கள் அவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரிந்து கொள்வார்கள். இந்த ஏற்பாடு புதிதல்ல. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வாடகை வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் இந்தச் சான்று விதிக்கப்பட்டிருந்தது. இப்போதுள்ள விதிப்படி, இவ்வகை வண்டிகளுக்கு எட்டு வயது ஆகும் வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை; எட்டைத் தாண்டினால் வருஷந்தோறும். சொந்த உபயோகத்துக்கான கார்களுக்குப் பதினைந்து வருஷம் வரை கவலையில்லை. அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கோடை விடுமுறையில், எங்கள் பள்ளிக்கூட வேனை எப்.சி.க்குக் கொண்டு போகும்போது கூடப் போய் வரும்படி நமக்குக் கட்டளை பிறந்தது. காலையில் ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே வரிசையாகப் பல வண்டிகள் கல்யாணப் பெண்களைப் போல் அலங்காரத்துக்குக் காத்திருந்தன. ஆனால் இங்கே அலங்காரம் என்பது நகைகளைக் கழற்றுவது. எங்கள் வேனின் முன்புறத்தில் பூட்டியிருந்த இரும்புக் கம்பி முதலில் இறங்கியது. பிறகு கண்ணைப் பறிக்கும் இரண்டு விளக்குகளும், ஊரையே எழுப்பும் ஹாரனும் இறங்கின. டிரைவருடைய ஆசனத்துக்குப் பின்னால் சிறு குழந்தைகள் ஆறு பேரை உட்கார்த்துவதற்காக ஆணியடித்திருந்த பலகை பெயர்த்தெடுக்கப்பட்டது. கடைசியில் சக்கரங்களுக்கு வந்தார்கள். அகலமான பழைய டயர்கள் போய், கம்பெனி அளவில், காடி அழியாத நான்கு டயர்கள் பூட்டப்பட்டன.

"பள்ளிக்கூடத்தில் புது டயர் வாங்கிவிட்டார்களா?" என்று கேட்டோம்.

"இல்லை, ஸார்! வாடகை டயர். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நமக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டி காத்துக் கொண்டிருக்கிறது" என்றார் டிரைவர்.

அவர் குரலில் கூச்சமே இல்லை. நமக்கு மட்டும் அந்தப் பூகோளப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

வேன் பரீட்சையில் தேறியது. சாயங்காலம் டயர்கள் கடைக்குத் திரும்பின. கம்பி, விளக்கு, ஹாரன், பலகை எல்லாம் தத்தம் பழைய ஸ்தானத்தை அடைந்தன. நாம் பார்த்துக் கொண்டு நின்றோம். ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியை மாற்றி அமைப்பதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களின் பின்புறத்தில் கரி அடுப்பைப் பொருத்தி, அதில் உண்டாகும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றைக்கும் முறைப்படி அனுமதி பெற்றுக் காஸில் ஓடும்படி வண்டியை மாற்றிக் கொள்ளலாம். கால் ஊனமுற்றவர்கள் தங்கள் வண்டியைத் தங்களுக்கு ஏற்றபடி அமைத்துக் கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கேட்டு, காட்டி, ஆர்.சி.யில் பதிந்து கொண்டு செய்ய வேண்டும். அவ்வளவுதான். தயாரித்த கம்பெனி குறித்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

"ஒரு கம்பியிலும் டயரிலும் என்ன வந்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம். கணக்கு வாத்தியார் முறையில் பதில் சொல்கிறோம். வேகம் காட்டும் முள் சக்கரம் சுற்றும் சுற்றை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. சக்கரத்தின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கு அதிகமானால், முள் 50 கிலோ மீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 55 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க் கொண்டிருக்கும். பிரேக்கோ பழைய சக்கரத்துக்காகச் செய்த பிரேக். இனி, முன்புறத்துக் கம்பி. மோதும்போது காரின் முன்பாகம் நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக் கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். கம்பி அதைத் தடுத்து அதிர்ச்சியை உள்ளே அனுப்புகிறது. காற்றுப் பை சமயத்தில் விரிவதையும் கெடுக்கலாம். எதிரே நடந்து வருகிற ஏழையின் முழங்காலுக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கம்பிகள் விஷயத்தில் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் மாகாண சர்க்கார்களுக்கு எழுதிற்று.

பலகையைப் பற்றி எழுதும்போதுதான் பேனா தயங்குகிறது. 2012-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், சென்னையை அடுத்த தாம்பரம் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, சக்கரத்தில் அகப்பட்டு இறந்தாள். அந்த பஸ்ஸுக்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் தகுதிச் சான்று கிடைத்திருந்தது. சான்று இருந்தது, தளம் இல்லை. ஹைக்கோர்ட் தானாகவே விஷயத்தை எடுத்துக் கொண்டது. அந்த வருஷத்திலேயே தமிழ்நாட்டில் பள்ளிக்கூட பஸ்களுக்கென்று தனி விதிகள் பிறந்தன. மஞ்சள் வர்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஆபத்துக் கால வாசல், முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் கருவி, கூடப் போக ஓர் உதவியாள் - எல்லாம் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் அதிகாரிகள் மைதானத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். பிரேக்கை இயந்திரமே சோதிக்கும் நிலையங்களுக்காக 2021-ல் மத்திய சர்க்கார் விதிகள் செய்தது. எல்லாம் நல்லதே. ஆனால் வாடகை டயரை இயந்திரம் என்ன செய்யும்? நல்ல டயர் என்றுதான் சொல்லும். அன்றைக்கு அது உண்மையுங்கூட.

பள்ளி திறந்த முதல் நாள், அந்தப் பலகையில் நெருக்கிக் கொண்டு வந்து இறங்கிய ஆறு குழந்தைகளில் ஒருத்தி நம்மைப் பார்த்துக் கும்பிட்டாள். நம் வகுப்புக்குப் புதிதாக வந்தவள். அன்றைக்குப் பாடம் நடத்த முடியவில்லை. மாலையில் நிர்வாகியிடம் போய் விஷயத்தைச் சொன்னோம்.

"பிரேக் இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டிருக்கும்போது உமக்கென்ன, ஸார்?" என்றார்.

"அவர் கையெழுத்துப் போட்ட வண்டி வேறு, குழந்தைகள் வருகிற வண்டி வேறு. இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்" என்றோம்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பலகை மறு நாளே போயிற்று. டயர் வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு குழந்தைகளுக்காக வேன் இன்னொரு நடை போக வேண்டியிருந்தது. இருபது நிமிஷம் தாமதம் என்றும், கட்டணம் கூடிவிட்டதென்றும் பெற்றோர்கள் குறைப்பட்டார்கள். அவர்களையும் நாம் குறை கூற மாட்டோம். பலகையை ஆணியடித்தது டிரைவர்தான். ஆனால் அவர் கையில் சுத்தியைக் கொடுத்தவர்கள், மலிவாகவும் சீக்கிரமாகவும் காரியம் ஆக வேண்டும் என்று விரும்பிய நாம் எல்லோருமே.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தை ஏறுகிற வண்டியை எப்.சி. முடிந்த மறு நாள் ஒரு முறை பாருங்கள். ஆர்.சி.யில் எத்தனை ஆசனம், உள்ளே எத்தனை தலை என்று எண்ணுங்கள். காலடியில் போட்டிருக்கும் விரிப்பைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். டயரில் காடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டிரைவர் கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது ஒரே நாள். மீதி நாட்களுக்கு நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்.

இன்னொரு விஷயம். எங்கள் வகுப்பில் பூகோளப் படம் இப்போது வருஷம் முழுவதும் சுவரிலேயே தொங்குகிறது. கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பரவாயில்லை, பையன்கள் தினந்தோறும் தொட்டுப் பார்க்கிற படம் கிழியத்தான் செய்யும்.