பழுப்பு சுவிட்சும் பாவப்பட்ட விரல்களும்

கீபோர்டில் என்னய்யா இருக்கு, எழுத்து விழுந்தா போதாதா என்று கேட்கும் கோஷ்டி ஒன்று. சிவப்பா, நீலமா, பழுப்பா என்று பட்டிமன்றம் நடத்தும் கோஷ்டி இன்னொன்று. இரண்டுமே விரலைக் கேட்பதில்லை என்பதுதான் கொடுமை.

முதல் கோஷ்டியை முதலில் பார்ப்போம். நாள் முழுக்க டாலியில் வவுச்சர் போடுகிறவர்களுக்கு ஆபீஸில் கிடைப்பது பெரும்பாலும் இருப்பதிலேயே மலிவான ரப்பர் கீபோர்டு. ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழ். அது முழுசாக நசுங்கி, கீழே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டினால்தான் எழுத்து விழும். அதாவது விரல் ஒவ்வொரு முறையும் தரையில் போய் முட்டியாக வேண்டும். ரப்பர் தளர்ந்துவிட்டால் இன்னும் மோசம், 5 விழுந்ததா இல்லையா என்று திரையை எட்டிப் பார்க்க வேண்டும். பில்லைப் பார்த்து அடிக்கிறவரின் கண்ணைத் திரைக்கு இழுப்பதற்குப் பெயர் சிக்கனமாம்! பேனா வாங்கும்போதுகூட கடையில் நாலு கோடு கிறுக்கிப் பார்க்கிறோம். கீபோர்டை மட்டும் அடிக்கப்போகிறவரைக் கேட்காமலேயே மொத்தமாக வாங்கிப் போடுகிறார்கள்.

சரி, கலர் கோஷ்டி. ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுகள்தான் இந்தக் கூத்துக்கெல்லாம் மூலம். காப்புரிமை முடிந்ததும் சீனக் கம்பெனிகள் அதே அச்சில் வார்த்துத் தள்ளின. சிவப்பு வழவழவென்று இறங்கும். மொத்தம் 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும், ஆனால் அந்தச் சேதி விரலுக்கு வராது. கேம் ஆடுகிறவர்களுக்கு ஓகே. எழுதுகிறவர்களுக்கு? மறுபடியும் தரையில் முட்டல்தான், என்ன, பல மடங்கு காசு கொடுத்து முட்டுகிறோம்.

நீலம் 'க்ளிக்' என்று சொல்லிவிடும், அந்த மட்டில் யோக்கியம். ஆனால் கீ மேலே திரும்பும்போது, எழுத்து விழுந்த இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால்தான் அடுத்த அடிக்குத் தயார். ஒரு லட்சத்துக்கு ஐந்து சைபரை வேகமாகத் தட்டிப் பாருங்கள், புரியும்.

பழுப்புதான் பெரிய ஏமாற்று. புதிதாக வாங்குகிற எல்லோருக்கும் "பழுப்பு எடுங்க, ரெண்டுக்கும் நடுவுல" என்று உபதேசம் நடக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது? காலில் சின்னக் கல் நெருடின மாதிரி ஒரு மேடு. கொஞ்சம் வேகமாக அடித்தால் அதுவும் தெரியாது. உப்புச் சப்பில்லாத சுவிட்சுக்கு 'எல்லாருக்கும் பொருத்தம்' என்று பட்டம் வேறு.

விரலுக்கு உண்மையைச் சொன்ன கீபோர்டு ஒன்று இருந்தது. ஐபிஎம் 1985ல் விட்ட மாடல் எம். கீக்குள் ஒரு ஸ்பிரிங், அழுத்த அழுத்த வளைந்து ஒரு கட்டத்தில் சட்டென்று மடங்கும். மடங்கும்போது அடியில் இருக்கும் குட்டிச் சுத்தியலைத் தட்டிவிடும். சத்தம், விரலில் தெரியும் உதறல், எழுத்து மூன்றும் அந்த ஒரே நிகழ்ச்சிதான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, அடித்தால் இடம் நகராது. அன்றைக்கு வாங்கியதை இன்றைக்கும் அடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வருஷக் கணக்கில் தேய்மானம் போட்டுப் பார்த்தால் எது மலிவு என்று பி.காம். முதல் வருஷமே சொல்லிவிடும்.

பக்கத்து சீட்காரர் அடிக்க வருவார் என்பீர்கள். நியாயம்தான், மாடல் எம் போடும் சத்தம் கொஞ்ச நஞ்சமல்ல. அவர்களுக்கு ஜப்பானின் டோப்ரே இருக்கிறது. அதிலும் ரப்பர் குமிழ்தான்! ஆனால் தாள் ஒட்டவேண்டியதில்லை, அடியில் இருக்கும் கூம்பு ஸ்பிரிங்கின் மின்தேக்கத்தை அளந்து, தரையைத் தொடும் முன்னாலேயே எழுத்தைப் போட்டுவிடும். ஆக ரப்பர் மேல் குற்றமில்லை. (அதற்காக டோப்ரே வகையிலேயே பிரபலமான ஹாப்பி ஹாக்கிங் கீபோர்டை யாராவது கணக்கெழுதுகிறவருக்கு வாங்கித் தந்துவிடாதீர்கள், நம்பர் பேடே கிடையாது.)

'ஒல்லியா இருந்தா அழகு' என்பவர்களுக்கு ஆப்பிள் கதை இருக்கிறது. 2015 மேக்புக்கில் பட்டர்ஃபிளை என்று ஒன்றைப் போட்டார்கள். கீ அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இறங்கும். தூசி போனால் எழுத்து விழாது, இல்லையென்றால் இரண்டு இரண்டாக விழும். 2018ல் இலவச ரிப்பேர் அறிவித்தார்கள். 2019ல் பழைய கத்தரி வகைக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் நடந்த வழக்கை முடித்துக்கொள்ள 2022ல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள்.