பேரை விட்டால் ஓடையும் போச்சு!

 

எங்க ஊருக்குக் கிழக்கே நரியோடை. ஏரிக்குத் தண்ணி கொண்டுவந்து சேர்க்கிறது அதுதான். போன வருஷம் அதுல மண்ணைக் கொட்டி ஒருத்தர் வேலி போட்டார். கேட்கப் போனோம். "நரியோடையா? அப்படி ஒன்னு கம்ப்யூட்டர்ல இல்லையே, தரிசுன்னுதானே இருக்கு" என்றார் அதிகாரி.

வீட்டுக்கு வந்து தாத்தாவின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தேன். நான்கு எல்லை எழுதிய இடத்தில் "நரியோடைக்கு மேற்கு" என்று தெளிவாக இருக்கிறது! அதை வைத்துப் பழைய சர்வே எண்ணைப் பிடித்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் செட்டில்மென்ட் பதிவேட்டு நகல் வாங்கினோம். அதில் இருப்பது தரிசு அல்ல, ஓடைப் புறம்போக்கு! இப்போது அளவைக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் வேலி இன்னும் நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் சுடுகாட்டையும் வரியில்லா நிலமென்று தனியே பிரித்து எழுதி வைத்தார்கள். வெள்ளைக்காரன் வரிக்காக அளந்து எண் போட்டான். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். வேலையில் பல ஊர்களில் வகைப்பாடே தப்பாக ஏறியது. இன்றைக்கு எண் மட்டும் மிச்சம். மந்தைவெளி, களத்துமேடு, வண்ணான்துறை என்று சொன்னால் இளவட்டங்களுக்கே தெரியவில்லை. ஆக்கிரமிக்கிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

"பேரை வச்சு என்னய்யா பண்றது?" என்று கேட்கிறார்கள். வெறும் பேர் கோர்ட்டில் நிற்காது, உண்மைதான். ஆனால் பேரைப் பிடித்தால்தான் பழைய எண் கிடைக்கும். எண் கிடைத்தால்தான் வகைப்பாடு கிடைக்கும். ஊர்ப் பொது நிலத்து ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போடச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011-லேயே உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்க நம்ம கையில் காகிதம் வேண்டாமா?

உடனே செய்ய வேண்டியது:

1. இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களை எடுத்து, எல்லையில் உள்ள பேர்களை எழுதுங்கள்.

2. பெரியவர்களை வயக்காட்டுக்கே அழைத்துப் போய்க் கேட்டுக் குறியுங்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை.

3. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு போட்டு, 'அ' பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு நகல்களை வாங்குங்கள்.

4. எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள்.

அரசே! பழைய பேரையும் பழைய எண்ணையும் கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏற்று! நீர்நிலைகளை அளந்து கல் நடு!

நம்ம பாட்டன் வைத்த பேர், நம்ம ஊர்த் தண்ணிக்குச் சாட்சி. சாட்சியைச் சாகவிடாதீர்கள்! திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்