சும்மா பார்க்கப் போகிறோம்

மாசியில் வெள்ளாமை வெட்டு நடக்கும் நேரம் பார்த்து நானும் என் கணவரும் மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வரப் புறப்படுகிறோம். எங்கள் பழைய காரில், பழைய வீதிகளால், எந்த அவசரமும் இல்லாமல். விசயம் கேள்விப்பட்ட உறவுக்காரர் எல்லோரும், "ஏதும் நேர்த்தியா? கலியாண வீடா? காணிப் பிரச்சினையா?" என்றே கேட்டார்கள். ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் நம்ப முடியாமல் விழிக்கிறார்கள். அவர்களில் நான் பிழை காணமாட்டேன். எங்கள் மாவட்டத்தில் என் வயதுக்காரர் யாரும் வாவிக்கரை வீதியால் சும்மா போனவர்கள் இல்லை.

வாவியின் கிழக்குப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. 1990இல் சண்டை மீண்டும் மூண்ட பிறகு 2007 வரை இந்த வாவி பெரும்பாலும் ஓர் எல்லைக்கோடாகவே இருந்தது. எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடமும் இருந்தன. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக வேண்டுமானால் சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கொட்டி, நடந்து போக வேண்டும். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்ற கேள்விகளுக்கு வாய் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். செத்த வீடு என்று சொல்லலாம். ஆஸ்பத்திரி என்றோ பரீட்சை என்றோ சொல்லலாம். பார்க்கப் போகிறேன் என்று சொல்ல ஏலாது.

நாங்கள் கலியாணம் முடித்துப் பிள்ளைகளை வளர்த்தது அந்தக் காலத்தில்தான். நான் எழுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தேன். அவர் புளியந்தீவில் வேலை பார்த்தார். கோட்டைக்குள் இருந்த கச்சேரிதான் அவருடைய கந்தோர். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இருவரும் சேர்ந்து போன பயணங்கள் எல்லாம் ஏதோ ஒரு தேவைக்குப் போனவை. பொழுது பட முன்னம் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தவை. அதனால் இந்தப் பயணத்துக்கு ஆயத்தப்படுவதையே நாங்கள் இப்போது ஆசையோடு, ஆறுதலாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

முதல் வேலை காரைக் கவனிப்பது. மாமா ஓட்டிய மொரிஸ் மைனர் அது. எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் டொக்டர்மாரும் தலைமை வாத்தியார்மாரும் வைத்திருந்த கார். பிரேக், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாவற்றையும் கராஜில் கொடுத்துப் பார்த்தாயிற்று. டயர்களை மாற்றியாயிற்று. வேகமாக ஓடாத கார்தான், ஆனால் வாவிக்கரை வீதிக்கு அதன் வேகம் போதும். கரையோர ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிள்களும் மாடுகளும் எப்போதும் வீதியில் இருப்பார்கள். வெட்டுக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதற்கு விலகி ஓட வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. மழை மிஞ்சினால் வாவி பெருகி, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடும் நிலை வரும். படுவான்கரைத் தாழ்நில வீதிகள் பல தண்ணீருக்குள் போய்விடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று புழுதியையும் வெக்கையையும் அள்ளிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் மாசியும் பங்குனியும் நல்லவை. வயல்வெளியில் ஆட்கள் இருப்பார்கள், குளங்களில் தண்ணீர் இருக்கும், பறவைகளும் இருக்கும்.

கொண்டு போகிற சாமான்கள் அதிகம் இல்லை. தண்ணீர்க் கலன், குடை, டோர்ச், மருந்துப் பை, மர நிழலில் விரிக்க ஒரு பன் பாய். முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொள்வோம். மற்றதெல்லாம் வழியில் வாங்கிச் சாப்பிடுவது. எருமைத் தயிர்ச் சட்டியை இங்கேயே வாங்கிக் கொண்டு போவது படுவான்கரைக்கு அவமரியாதை. இருட்டிய பிறகு படுவான்கரையில் கார் ஓட்டுவதில்லை என்பது எங்கள் கட்டாய விதி. பொழுது பட்டால் யானைகள் வயலுக்கு இறங்கும். அவற்றால் உயிரிழந்தவர்கள் அந்த ஊர்களில் நிறையப் பேர்.

இனி, போகிற வழி. கல்லடியில் தொடங்குகிறோம். அங்குள்ள பழைய லேடி மானிங் இரும்புப் பாலத்தில் முன்பு ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டுமே போகும். மற்றப் பக்கத்தார் காத்து நிற்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் எத்தனையோ பேர் தோணிக்காரரையும் தூண்டில்காரரையும் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது, போக்குவரத்து அதற்கு மாறிவிட்டது. நாங்கள் காரை நிறுத்திவிட்டுப் பழைய பாலத்தில் நடக்கப் போகிறோம். பறுவ இரவுகளில் தோணித் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மற்ற நுனியில் காதை வைத்து மக்கள் பாடுமீனின் பாட்டைக் கேட்டது இந்தப் பாலத்தடியில்தான். அருகே கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் பிறந்து, யாழ் நூலைத் தந்துவிட்டு 1947இல் மறைந்தவர். அவர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலயமும் பக்கத்தில்தான். அங்கே சற்று நேரம் இருந்துவிட்டுத் தெற்கே திரும்புவோம்.

தெற்கே போவது ஏ4 வீதி. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று வளைந்து வந்து மட்டக்களப்பில் முடியும் இந்த வீதி 400 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. எங்களுக்குத் தேவை அதன் கடைசித் துண்டு மட்டும். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும். அதைத் தாண்டினால் ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை. களுதாவளையில் மணல் நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வெற்றிலையும் மரக்கறியும் செய்கிறார்கள். அந்தத் தோட்டங்களுக்குள் இறங்கி நடக்க எனக்கு நெடுநாள் ஆசை. பஸ் ஜன்னலால் மட்டுமே பார்த்த பசுமை அது.

களுவாஞ்சிக்குடியைத் தாண்டிக் குருமன்வெளித் துறையில் காரை விட்டுவிட்டு, 'பாதை' ஏறி மண்டூருக்குப் போவோம். இழுவைப் படகை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். மண்டூர் முருகன் கோயிலில், கதிர்காமத்தைப் போலவே, வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை நடக்கும். கும்பிட்டுவிட்டு அதே பாதையில் திரும்புவோம். வாவிக்குக் குறுக்கே மனிதர் போய்வந்த பழைய முறை இது. வீதி வர முன்னம் நெல்லும் தேங்காயும் ஆட்களும் தோணியில்தான் ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் முதல் நெடுஞ்சாலை இந்த வாவி. அதில் ஒரு தடவையாவது போகாமல் அதைச் சுற்றி வந்தோம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

பிறகு பட்டிருப்புப் பாலத்தால் படுவான்கரைக்கு ஏறி, போரதீவு, பழுகாமம் வழியாக வடக்கே வருவோம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் ஒரு கல் நந்தி உண்டு. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயருக்கு முன்னால் அது புல்லுத் தின்றது என்ற கதையைச் சொல்லாத தாய் படுவான்கரையில் இல்லை. அங்கிருந்து மண்முனை. 2014இல் பாலம் திறக்கும் வரை அங்கேயும் பாதைதான். காற்றுக்கும் வெள்ளத்துக்கும் அது நின்றுபோகும்போது பிள்ளைப்பேற்றுக்காரிகள் கரையில் காத்துக் கிடந்த கதைகளைப் படுவான்கரைப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மண்முனையை ஒரு முறை பார்த்துவிட்டு, கரையோடு வவுணதீவுக்குப் போய், வலையிறவுப் பாலத்தால் நகரத்துக்குத் திரும்புவதாகத் திட்டம்.

இந்தப் பயணத்தில் மறைக்க முடியாத ஒன்று உண்டு. நாங்கள் ஓட்டப்போகிற வீதிகளில் சில இடங்களை 1990ஆம் ஆண்டை நினைக்காமல் கடக்க ஏலாது. குருக்கள்மடத்தில் அந்த ஆடியில் பயணம் போன முஸ்லிம்கள் இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்ரம்பர் 9ஆம் திகதி, எங்கள் வழிக்குச் சற்று வெளியே, நகரத்துக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மகிழடித்தீவில் கொலை விழுந்தது. இதில் எது எங்கள் ஆட்களின் துக்கம், எது மற்றவர்களின் துக்கம் என்று பிரித்துப் பார்த்தே நாங்கள் காலத்தைக் கழித்துவிட்டோம். ஒரே வீதியில் ஆறுதலாகப் போகிறவர்கள் எல்லா நினைவிடங்களிலும் இறங்கி நிற்க வேண்டும். அப்படித்தான் நாங்களும் முடிவெடுத்திருக்கிறோம். வேகமாகப் போகும் பஸ்ஸில் இருப்பவருக்கு அது கிடைக்காது.

அமெரிக்காவில் 1926இல் போட்ட ரூட் 66 என்ற வீதியை 1985இல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் பெரிய வீதிகள் வந்துவிட்டன. ஆனால் வயது போன கணவன் மனைவிமார் இன்றும் அந்தப் பழைய வீதியைத் தேடிப் போய், அதன் சின்ன ஊர்களில் தங்கி, சாப்பிட்டு வருகிறார்கள். அந்த ஊர்கள் அவர்களால் உயிர் பிழைத்திருக்கின்றன. எங்கள் வாவிக்கரை ஊர்களுக்கும் இது பொருந்தும். பாசிக்குடாவுக்கு வரும் உல்லாசப் பயணி கடற்கரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். களுதாவளை வெற்றிலையும் மண்டூர்த் துறையும் கொக்கட்டிச்சோலைத் தயிரும் அவர் கண்ணில் படுவதில்லை. வெளியூராரைக் குறை சொல்லி என்ன? நகரத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கே படுவான்கரை ஊர்களின் பெயர் செய்தியில் கேட்ட பெயர்தான்.

ஆறுதலாகப் போவது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயமில்லாமல், காரணம் சொல்லாமல், விரும்பிய இடத்தில் நின்று விரும்பிய நேரத்தில் திரும்புவது சொந்த மண்ணில் வாழ்பவருக்கு உள்ள உரிமை. எங்கள் தலைமுறைக்கு அது கிடைக்காமல் போனது. கிடைத்திருக்கும் இந்தக் காலத்தில் அதைப் பாவிக்காமல் விட்டால், மட்டக்களப்புக்குள்ளேயே நாங்கள் ஒருவருக்கொருவர் அந்நியராகத்தான் இருப்போம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளில் போங்கள், அதுவும் இல்லாவிட்டால் பஸ்ஸும் பாதையும் உண்டு. உங்கள் கரையை விட்டு மறுகரைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழரானால் காத்தான்குடியில் இறங்கித் தேத்தண்ணி குடியுங்கள், முஸ்லிம்களானால் கொக்கட்டிச்சோலையில் தயிர் வாங்குங்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு, வயது போன ஒருவரோடு கொஞ்சம் பேசிவிட்டு வாருங்கள்.